இணையத்துக்குப் போகும் கோப்புகளும் பவர்ரீநேமும்: பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

பழைய இதழ்களை ஸ்கேன் செய்து வைக்கும் ஒரு சிறிய ஆவணத் தளத்தை நான் கவனித்துக்கொள்கிறேன். ஸ்கேன் செய்து அனுப்புகிறவர்கள் பல பேர், ஆளுக்கொரு விதமாகப் பெயர் வைப்பார்கள். ஒருவர் அனுப்பும் ஃபோல்டரில் எல்லாமே ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேப்பிட்டல்) இருக்கும். இன்னொருவருடையதில் பெயருக்குள் இடைவெளியும் அடைப்புக்குறியும் நிறைந்திருக்கும். வேறொருவர் எல்லாவற்றின் வாலிலும் 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று ஒட்டியிருப்பார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கணினியில் அந்தக் கோப்பு இரண்டு தட்டுத் தட்டினால் திறந்துவிடுகிறது. சர்வருக்குப் போன பிறகுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

அவர்கள் கணினிக்கும் சர்வருக்கும் நடுவில் பெயர்களைச் சரிசெய்ய நான் பயன்படுத்துவது பவர்ரீநேம். விண்டோஸுக்கான சிறு கருவிகளை மைக்ரோசாஃப்ட் சேர்த்துத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் வருவது, பல கோப்புகளின் பெயரை ஒரே நேரத்தில் மாற்றும். நல்ல கருவி, தைரியமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் கோப்புகள் இணையத்தில் ஏறுவதற்கு முன்னால் பயன்படுத்த வேண்டிய கருவி அது. ஏறிய பிறகு கை வைத்தால், பல வருடமாக ஊரெல்லாம் பகிர்ந்த முகவரிகளை ஒரே சொடுக்கில் உடைத்துவிடும். அதனால் இந்த மதிப்புரையில் கருவியைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அதை எப்போது தொடுவது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படை விவரம். பவர்டாய்ஸ் என்ற பெயர் விண்டோஸ் 95 காலத்திலேயே இருந்தது. இப்போதிருப்பது 2019இல் ஓப்பன் சோர்ஸாக மறுபடி தொடங்கியது. இலவசம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஓடும். பவர்ரீநேமை மட்டும் தனியாக நிறுவ முடியாது, முழுத் தொகுப்பும் வரும். வேண்டாதவற்றை அமைப்புகளில் அணைத்துவிடலாம். கோப்புகளைத் தேர்ந்தெடுத்து ரைட் கிளிக் செய்தால் மெனுவிலேயே பவர்ரீநேம் வரும்.

ஜன்னல் எளிமையானது. எதைத் தேட வேண்டும் என்று ஒரு பெட்டி, எதை வைத்து மாற்ற வேண்டும் என்று இன்னொரு பெட்டி. பக்கத்தில் பழைய பெயரும், அதன் எதிரே வரப்போகும் புதிய பெயரும் வரிசையாகத் தெரியும். தட்டச்சு செய்யச் செய்ய அந்தப் புதிய பெயர் வரிசை மாறிக்கொண்டே வரும். வேண்டாத வரியில் டிக்கை எடுத்துவிடலாம். 'அப்ளை' கொடுக்கும் வரை எதுவும் மாறாது. கொடுத்த பிறகும் எக்ஸ்ப்ளோரரில் அன்டூ செய்து பின்வாங்கலாம். எனக்கு இந்தக் கருவியின் பெறுமதியே அந்த முன்னோட்டம்தான்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். முகவரி உடைவதற்கு ஒரு முக்கியக் காரணம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். மேக்கும் வழக்கமான அமைப்பில் அப்படித்தான். ஆனால் இணையத்தில் பெரும்பாலான தளங்கள் லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன, லினக்ஸுக்கு அவை வேறு வேறு கோப்புகள். பக்கத்தில் லிங்க் சின்ன எழுத்தில், கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் என்றால், உங்கள் கணினியில் படம் அழகாகத் தெரியும், ஏற்றியதும் 404, அதாவது 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற பிழை. முகப்புப் பக்கமான இண்டெக்ஸ் கோப்பின் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்துவிட்டால் இன்னும் மோசம். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் வழக்கமாகத் தேடுவது முழுக்கச் சின்ன எழுத்திலுள்ள பெயரைத்தான். அது கிடைக்காவிட்டால் ஃபோல்டரிலுள்ள கோப்புகளைப் பட்டியலாகக் காட்டும், அல்லது அனுமதி இல்லை என்று கதவை மூடும். கேமராவும் ஸ்கேனரும் தரும் கோப்புகளில் எக்ஸ்டென்ஷன் (கடைசிப் புள்ளிக்குப் பின்னால் கோப்பின் வகையைச் சொல்லும் பகுதி) பல நேரம் பெரிய எழுத்தில் இருக்கும். அது சட்டென்று கண்ணில் படாது.

அடுத்தது இடைவெளி. முகவரியில் இடைவெளி %20 ஆக மாறும். பிரவுசர் சமாளித்துக்கொள்ளும். ஆனால் யாராவது அந்த முகவரியை அரட்டையிலோ மின்னஞ்சலிலோ கையால் தட்டி அனுப்பினால், இடைவெளி வரும் இடத்தோடு லிங்க் நின்றுவிடும், மிச்சம் வெறும் எழுத்தாகக் கிடக்கும். கடைசியில் அடைப்புக்குறி வந்தாலும் தொல்லைதான். பல செயலிகள் அதை வாக்கியத்தின் குறி என்று நினைத்து லிங்க்கிலிருந்து விட்டுவிடும்.

இதைவிட மோசமானது # குறி. 'இதழ் #5' என்று பெயர் வைப்பது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. முகவரியில் அப்படியே எழுதினால், # குறிக்குப் பிறகு வருவதைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. அது பக்கத்துக்குள் ஓர் இடத்தைக் குறிப்பதற்கான குறி. ஆகவே சர்வருக்குக் கேட்பது 'இதழ்' என்பது மட்டும், அப்படி ஒரு கோப்பே அங்கே இருக்காது. % குறியும் அதே மாதிரிதான். அதற்குப் பின்னால் சரியான இரண்டு குறியீடுகள் வராவிட்டால் அப்பாச்சி அதைத் தப்பான கோரிக்கை என்று 400 காட்டித் திருப்பிவிடும். கேள்விக்குறியை விண்டோஸ் பெயரில் அனுமதிக்காது, ஆனால் மேக்கிலிருந்து வரும் கோப்புகளில் அது இருக்கலாம்.

சரி, கருவிக்கு வருவோம். எனக்கு வரும் ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். உண்மையில் ஆங்கில எழுத்தில் இருக்கும், இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன்: 'மார்ச் இதழ் - 1987_(2)_ஃபைனல்'. முதலில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பெட்டியில் டிக் போட வேண்டும். குறிப்பிட்ட சொல்லுக்குப் பதிலாக, குறிகளால் எழுதிய ஒரு வடிவத்துக்குப் பொருந்துவதையெல்லாம் தேடும் முறை அது. பிறகு 'எல்லாப் பொருத்தங்களையும் மாற்று' என்ற பொருள் தரும் பெட்டியிலும் டிக் போட வேண்டும். இந்த இரண்டாவதை மறந்தால் ஒவ்வொரு பெயரிலும் முதல் இடைவெளி மட்டும் மாறும், மற்றவை அப்படியே இருக்கும். புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் கருவி வேலை செய்யவில்லை என்று நினைத்து விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். அந்த டிக் தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தேடும் பெட்டியில் [()] என்று கொடுத்து, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டால் அடைப்புக்குறிகள் போய்விடும். அடுத்த சுற்றில் [ _-]+ என்று கொடுத்து, மாற்றும் பெட்டியில் ஒரு ஹைஃபன். இடைவெளி, அண்டர்ஸ்கோர், ஹைஃபன் மூன்றும் எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே ஹைஃபனாகிவிடும். சதுர அடைப்புக்குள் ஹைஃபனையும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் 'இதழ் - 1987' என்பது நடுவில் மூன்று ஹைஃபனோடு வந்து நிற்கும். ஹைஃபன் கடைசியில் இருப்பதும் முக்கியம். நடுவில் வந்தால் 'இதிலிருந்து இதுவரை' என்று பொருள் மாறிவிடும். மூன்றாவது சுற்றில் வாலிலுள்ள 'ஃபைனல்' என்பதை அதன் ஹைஃபனோடு சேர்த்து எடுக்கிறேன். கடைசியில் சின்ன எழுத்துக்கு மாற்றும் பொத்தான். கைக்குக் கிடைப்பது 'மார்ச்-இதழ்-1987-2'.

ஏன் அண்டர்ஸ்கோரை விட்டு ஹைஃபன் என்றால், லிங்க்குக்கு அடிக்கோடு போடும்போது அண்டர்ஸ்கோர் அந்தக் கோட்டுக்குள் மறைந்து இடைவெளி மாதிரி தெரிகிறது. பார்த்துத் தட்டுகிறவர் இடைவெளிதான் தட்டுவார். முகவரிகளில் சொற்களைப் பிரிக்கக் கூகுளும் ஹைஃபனைத்தான் பரிந்துரைக்கிறது.

எந்தப் பகுதியில் மாற்ற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலும் உண்டு: பெயரும் எக்ஸ்டென்ஷனும், பெயர் மட்டும், எக்ஸ்டென்ஷன் மட்டும். புள்ளிகளை நீக்கும்போது 'பெயர் மட்டும்' என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷனுக்கு முன்னாலுள்ள புள்ளியும் போய், கோப்பு என்ன வகை என்றே விண்டோஸுக்குத் தெரியாமல் போய்விடும். சின்ன எழுத்துக்கு மாற்றும்போது நேர்மாறாக இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயர் சின்ன எழுத்திலும் எக்ஸ்டென்ஷன் பெரிய எழுத்திலுமாக நிற்கும். சுற்றுக்குச் சுற்று இதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பது சலிப்பூட்டும் வேலைதான்.

முன்னோட்டத்தைப் பெரிதாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு ஃபோல்டரில் 'இதழ் 1' என்றும் 'இதழ்_1' என்றும் இரண்டு கோப்புகள் இருந்தன. சீராக்கினால் இரண்டும் 'இதழ்-1' ஆகிவிடும். எதிரெதிர் வரிசையில் பார்த்ததால் மாற்றுவதற்கு முன்பே தெரிந்தது. திறந்து பார்த்தால் ஒன்று மங்கலான ஸ்கேன், மற்றது அதையே மறுபடி எடுத்த தெளிவான ஸ்கேன். மங்கலானதில் டிக்கை எடுத்துவிட்டுத் தனியாக நகர்த்தி வைத்தேன். ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் மாற்றும் கருவிகளில் இப்படி நின்று பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

ஃபோல்டர்களுக்குத் தனிச் சுற்று வைத்துக்கொள்வது நல்லது. கோப்பு, ஃபோல்டர், உள் ஃபோல்டர்களில் இருப்பவை என்று எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்குப் பொத்தான்கள் இருக்கின்றன. கோப்பின் பெயர் மாறினால் ஒரு முகவரி உடையும். ஃபோல்டரின் பெயர் மாறினால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை முகவரியும் உடையும். அதனால் ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது காலத்தோடு மாறாத ஒன்றை வைக்க வேண்டும். ஆண்டு நல்லது, மாதத்தை 01 முதல் 12 வரை இரண்டு இலக்கத்தில் எழுதினால் வரிசையும் கலையாது. 'புதியது', 'தற்போதைய இதழ்', 'வரைவு' போன்றவை வேண்டாம். அடுத்த மாதமே அந்தப் பெயர் பொய்யாகிவிடும், பெயரை மாற்றக் கை துறுதுறுக்கும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே இதை எழுதிவிட்டார்: முகவரி தானாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள், ஆகவே நிலையையும் பொறுப்பாளர் பெயரையும் முகவரிக்குள் வைக்காதீர்கள் என்று. இத்தனை வருடம் கழித்தும் அது அப்படியே பொருந்துகிறது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று எனக்கு அனுப்புகிறவர்கள் அடிக்கடி கேட்பார்கள். மொழி மேல் எனக்கும் பிரியம் உண்டு, ஆனாலும் கோப்புப் பெயரில் வேண்டாம் என்றே சொல்கிறேன். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுக்கும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % குறியோடு மூன்று எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல்லில் மெய்யும் குறியுமாகச் சேர்த்து ஐந்து யூனிகோடு குறிகள். அதை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் 45 எழுத்து நீளத்துக்குக் குறிகளாகக் கொட்டும். படிக்கவும் முடியாது, கையால் தட்டவும் முடியாது.

இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று என்பது ஒரு வழி. முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் என்று இரண்டு குறிகள் வைப்பது இன்னொரு வழி. கோ, கௌ வரிசைகளுக்கும் இதே கதை. திரையில் இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை, பெயர்களை இரண்டாவது வழியில் பிரித்துத்தான் சேமித்தது. பக்கத்தில் லிங்க்கைத் தட்டும்போது வருவது பெரும்பாலும் முதல் வழி. லினக்ஸ் சர்வர் பைட்டுக்குப் பைட் ஒப்பிடும், பொருந்தாது, 404. கண்ணால் எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிழை தெரியாது. இந்த மாதிரிக் கோப்புகளோடு மல்லுக்கட்டிய பிறகு எங்கள் விதி உறுதியானது: சின்ன ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன், எக்ஸ்டென்ஷனுக்கு முன்னால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். தமிழ்த் தலைப்பு பக்கத்தின் தலைப்பில் முழுமையாக, அழகாக இருக்கும். பவர்ரீநேம் இந்த இடத்தில் உதவாது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றித் தரும் வசதி அதில் இல்லை. அதைக் கையால்தான் செய்கிறேன்.

குறைகளில் பெரியது இது: பெயரை மாற்றும், ஆனால் அந்தப் பெயரை நம்பியிருக்கும் லிங்க்குகளைத் தொடாது. கோப்புப் பெயர் மாற்றும் கருவியிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லைதான். ஆனால் எந்தப் பழைய பெயர் எந்தப் புதிய பெயரானது என்று ஒரு பட்டியலாவது கொடுத்திருக்கலாம். திரையில் இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, சேமிக்கத்தான் வழியில்லை. ஏற்கெனவே வெளியான பக்கங்களில் வேறு வழியின்றிப் பெயர் மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பிவைக்கும் 301 திசைதிருப்பல் போட வேண்டும். அதற்குத் தேவைப்படுவது அந்தப் பட்டியல்தான்.

நான் சுற்றுவழியில் சமாளிக்கிறேன். மாற்றுவதற்கு முன்பே கட்டளைச் சாளரத்தில் கோப்புகளைப் பட்டியலிடும் 'டிர்' கட்டளையைக் கொடுத்துப் பெயர்களை ஒரு உரைக் கோப்பில் எடுத்து, எக்ஸெலில் ஒட்டிவிடுகிறேன். பக்கத்துப் பத்தியில் சப்ஸ்டிட்யூட், லோயர் ஃபார்முலாக்களால் அதே மாற்றங்களைச் செய்தால் புதிய பெயர்கள் வந்துவிடும். மூன்றாவது பத்தியில் இரண்டையும் சேர்த்துத் திசைதிருப்பல் வரிகளை உருவாக்கிச் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒட்டலாம். இரட்டை வேலைதான், ஆனால் எங்கோ ஒரு ஆய்வாளர் தன் அடிக்குறிப்பில் கொடுத்த பழைய முகவரி இன்றும் திறக்கிறது என்றால் அந்த உழைப்பு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இன்னொரு குறை, சுற்றுகளை வரிசையாகச் சேமிக்க முடியாது. முன்பு தட்டியவை நினைவில் இருக்கும், ஆனால் 'இந்த நான்கையும் இதே வரிசையில் செய்' என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரு குறிப்பில் எழுதி வைத்து ஒட்டிக்கொள்கிறேன்.

கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளைப் பயன்படுத்தித் தளத்தை ஏற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸில் கிட் வழக்கமாகப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதபடி அமைக்கப்பட்டிருக்கும். பவர்ரீநேமில் எழுத்தை மட்டும் சின்னதாக்கினால், கிட்டுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. உங்கள் கணினியில் புதிய பெயர், தளத்தில் பழைய பெயர் என்று நிற்கும். அப்படிப்பட்ட கோப்புகளைக் கிட்டின் சொந்த நகர்த்தும் கட்டளையால் மாற்றுவதுதான் சரி.

விண்டோஸின் எஃப்2 போதாதா என்று கேட்கலாம். பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் ஒரே பெயரோடு வரிசை எண் சேரும். ஆனால் அது எண்ணை இடைவெளி விட்டு அடைப்புக்குறிக்குள் போடும். நாம் நீக்க நினைக்கும் இரண்டையும் அதுவே கொண்டுவந்து சேர்க்கிறது. மேக்கில் ஃபைண்டரிலேயே பல கோப்புகளுக்கு ஒன்றாகப் பெயர் மாற்றும் வசதி 2014இல் வந்த யோசமிட்டியிலிருந்து இருக்கிறது, எளிய தேடி மாற்றலுக்குப் போதும். லினக்ஸில் டீடாக்ஸ் என்ற சிறு கட்டளை இதே வேலைக்கென்றே இருக்கிறது. இடைவெளியையும் சிக்கலான குறிகளையும் தானே சுத்தம் செய்துவிடும், ஆனால் கட்டளை வரி பழக்கம் வேண்டும். அப்பாச்சியில் எழுத்து வித்தியாசத்தைச் சர்வரே மன்னித்துச் சரியான கோப்புக்கு அனுப்பும் ஒரு கூறும் உண்டு. கோப்பு கிடைக்காத ஒவ்வொரு முறையும் அது ஃபோல்டரையே தேட வேண்டியிருக்கும். பழைய தளத்தை மாற்றிக்கொண்டிருக்கும் இடைக்காலத்துக்குப் பரவாயில்லை, நிரந்தரமாக அதை நம்பி இருக்க மாட்டேன்.

பெயர் மாற்றி ஏற்றிய பிறகு லிங்க்குகளைச் சோதிக்க, வலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சியின் இலவச லிங்க் செக்கரைப் பயன்படுத்துகிறேன். சொந்தக் கணினியில் திறந்து பார்ப்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விண்டோஸ் எழுத்து வித்தியாசத்தை மறைத்துவிடும் என்பதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். லினக்ஸ் சர்வரில் ஒரு சோதனை ஃபோல்டரில் ஏற்றி, அங்கே செக்கரை ஓடவிட்டால்தான் உண்மை நிலை தெரியும்.

விண்டோஸில் வேலை செய்து, லினக்ஸ் சர்வரில் கோப்புகளை ஏற்றுகிற யாருக்கும் பவர்ரீநேமைத் தயங்காமல் சொல்வேன். ரெகுலர் எக்ஸ்பிரஷன் தெரியாதவர்கள் சாதாரணத் தேடி மாற்றலோடு தொடங்கலாம், பாதிக்கு மேற்பட்ட வேலை அதிலேயே முடிந்துவிடும். ஏற்கெனவே இணையத்தில் இருக்கும் தளத்தைச் சீராக்க நினைப்பவர்கள் முதலில் பெயர்ப் பட்டியலை எக்ஸெலில் எடுத்துவிட்டு அப்புறம் ரைட் கிளிக் செய்யுங்கள். அந்தப் பட்டியலைக் கருவியே தரும் பதிப்பு வந்தால், எனக்கு இதில் சொல்வதற்குப் பெரிய குறை ஒன்றும் மிச்சமிருக்காது.